ஓவேலி இந்துமதியின் பத்துப் புள்ளி

இந்த ஸ்டேஷன் ஜன்னல்ல இருந்து பார்த்தா குன்னூர் எவ்வளவு அழகா இருக்குதுங்க மேடம். இத்தனை வருசம் இந்த ஊர்ல இருந்தும், ஒரு இன்ஸ்பெக்டரம்மா கூப்பிட்டாத்தான் இதையெல்லாம் உக்காந்து பார்க்க முடியுது.

என் பேரு ஜெஸிந்தா. ஊரு கேத்தி. இங்க ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை. இந்துமதியைப் பத்தித்தான் கேக்கப் போறீங்கன்னு தெரியும். ஆனா விளையாட்டுல இருந்து ஆரம்பிச்சாத்தான் உங்களுக்குப் புரியும்.

சின்ன வயசுல ஊட்டி சீசன் கடைகள்ல ஒரு மெஷின் இருந்தது. மஞ்ச வட்டம் ஒண்ணு வாயைத் திறந்து மூடி, சந்து சந்தாப் போயி புள்ளியெல்லாம் தின்னும். நாலு பேய் துரத்தும். அதே மாதிரி நானே ஒண்ணு எழுதினேன். சந்துக்குப் பதிலா தேயிலைச் செடி வரிசை. புள்ளிக்குப் பதிலா கொழுந்து. பேய்க்குப் பதிலா நாலு காட்டெருமை. மூலையில இருக்கற பேரிக்காயைத் தின்னுட்டா அப்புறம் எருமைங்க நம்மளைக் கண்டு ஓடும். ‘கொழுந்து’ன்னு பேர் வச்சு இன்டர்நெட்ல இலவசமா விட்டேன். ஒரு நானூறு பேர் இறக்கியிருப்பாங்க. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல.

எங்க ஆபீஸ்ல அதை ரொம்ப விளையாடினது ஸ்டோர் கீப்பர் சசிதரன். அம்மா அப்பா சிலோன் தோட்டத்துல இருந்து வந்தவங்க. கல்யாணம் ஆகல. பதினொரு வருசமா நாங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில சாப்பிடறோம். நான் கேரட் பொரியல் வைப்பேன், சாப்பிடுவார். ஒரு தரமும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. அதை நான் மனசுல வச்சுக்கல.

போன ஆனி மாசம் ஒருநாள், தேத்தண்ணிக் கோப்பையோட என் மேசைக்கு வந்தார்.

“ஜெஸிந்தா, உங்க விளையாட்டுல என்னை அடிக்க ஆள் கிடையாது. கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ்ல இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. கிடைச்சா அங்கேயே போய்ருவேன்” என்றார்.

“ரொம்ப சந்தோசமுங்க” என்றேன். சந்தோசந்தான்.

அன்னைக்கு சாயங்காலந்தான் இந்துமதியை உண்டாக்கினேன். ரெண்டும் ஒரே நாள்ல நடந்தது தற்செயல்.

பெருசா ஒண்ணும் இல்லீங்க. சசிதரன் எவ்வளவு எடுத்தாலும் ‘இந்துமதி, ஓவேலி’ன்னு ஊரோட ஒரு பேரு அவருக்கு மேல பத்துப் புள்ளியில நிக்கும். பத்துப் புள்ளின்னா ஒரே ஒரு கொழுந்து. மனுசன் சோத்தைப் பாதியில வச்சுட்டு விளையாட ஆரம்பிச்சார். என் பொரியலும் மிஞ்சுச்சு.

விளையாட்டுலேயே செய்தி அனுப்ப ஒரு இடம் வச்சிருந்தேன். “நீங்க யாருங்க?” என்று கேட்டார். கேட்ட மனுசனுக்குப் பதில் சொல்லாம இருக்கறது மரியாதை இல்லையே. சொன்னேன். இந்துமதிக்கு முப்பத்தெட்டு வயசு, மழை பிடிக்கும், பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல. மனசுக்கு வந்ததை எழுதினேன்.

இன்டர்வியூ அன்னைக்குக் காலைல இந்துமதி, “பத்து மணிக்குப் போட்டி வச்சுக்கலாங்களா?” என்று கேட்டா. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல போனைப் பிடிச்சுட்டு உக்காந்தவர் மூணு கோயமுத்தூர் பஸ்ஸை விட்டுட்டார். நான் அவரைப் பிடிச்சு நிறுத்தலீங்க. பஸ் கதவு திறந்துதான் இருந்தது.

அப்புறம் அவளை நேர்ல பார்க்கணும்னு ஒத்தக்கால்ல நின்னார். வேண்டாம்னு சொன்னா மனசு நொந்துருமேன்னு ஓவேலியில ஒரு வழி சொன்னேன். பஸ் இறங்கி, எஸ்டேட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதை. அது யானை போற வழின்னு வாசல்ல போர்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.

புதுச் சட்டை போட்டு, ஒரு டப்பா வர்க்கி பிஸ்கட் வாங்கிட்டுப் போனார். யானை வந்தது. சில்வர் ஓக் மரத்துல ஏறி நாலு மணி நேரம் உக்காந்திருந்தார். வர்க்கியை யானை தின்னுருச்சு. வனத்துறைக்காரங்க வந்து விரட்டினப்புறம் இறங்கையில வழுக்கி விழுந்து, வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு போச்சு.

அதோட இந்துமதி பேசறதை நிறுத்திட்டா. ஆஸ்பத்திரியில அவரைப் பார்த்துக்க ஆள் இல்ல. காலையும் சாயங்காலமும் நான்தான். எனக்கு ஏதுங்க நேரம்.

ஒருநாள் என் கையைப் பிடிச்சுட்டார். பதினொரு வருசத்துல அதுதான் முதல் தரம். “ஜெஸிந்தா, அந்தப் பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போக எதிர்ல நடந்து வந்திருக்கும். அதே யானை அதை என்ன பண்ணுச்சோ” என்று சொல்லி அழுதார். கையை எடுக்கல. நானும் எடுக்கல.

ஆள் காணோம்னு புகார் எழுதி, உங்க ஸ்டேஷன்ல சேர்க்கச் சொல்லி என்கிட்டத்தான் குடுத்தார். ரெண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தி நானே கொண்டுவந்து குடுத்தேன். வாக்குக் குடுத்துட்டா தவறமாட்டேன்.

செய்தியெல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருந்து போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டீங்க. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இந்துமதின்னு யாரும் கிடையாதுங்க. புள்ளி போட்டது நான், பஸ்ஸை விடவச்சது நான், யானை வழிக்கு அனுப்பினதும் நான். எல்லாம் ஒரு விளையாட்டுக்குச் செஞ்சது. நீங்க நினைக்கற மாதிரி வேற காரணம் எதுவும் இல்ல. ஏனுங்க, நாப்பத்துமூணு வயசுல எனக்கு என்ன காரணம் இருக்கப் போகுது.

எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, போடறேன். ஆனா மேடம், அவர்கிட்ட உண்மையைச் சொல்லிராதீங்க, தாங்கமாட்டார். இந்துமதி செத்துட்டான்னு சொல்லிருங்க. அதையும் நான் ஆஸ்பத்திரியில இருக்கறப்ப வந்து சொல்லுங்க. அழறவருக்குப் பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கை வேணுமில்லீங்களா.