சிவப்புப் பொட்டு வைத்த சென்சார்

டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறவில்லை என்றால் இன்ஜின் சூடாகவில்லை என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், சார். நீங்களும் அப்படித்தான் ஸ்டேஷன் ஜீப் ஓட்டுவீர்கள். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் தண்ணீர் எவ்வளவு சூடு என்று சொல்வதற்கு விரல் நீளத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. அது கெட்டுப்போனால், தண்ணீர் கொதித்தாலும் குளிர்ச்சியாக இருப்பதாகவே சொல்லும். ஃபேன் சுற்றாது. முள் அசையாது. வண்டி ஓடும்வரை ஓடிவிட்டு நடுரோட்டில் நின்றுவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். கழற்றி வெந்நீரில் போட்டு மீட்டரை வைத்தால், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் எண் சரசரவென்று இறங்க வேண்டும். இறங்காததை நான் தூக்கிப்போடுவதில்லை. மறந்துபோய் நல்ல வண்டியில் மாட்டிவிடக் கூடாதே என்று சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பேன். ஆண்டர்சன்பேட்டையில் என் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டிலைப் பார்த்திருப்பார்கள். நெயில் பாலிஷ் என் மகள் ஜெனிட்டாவுடையது. கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனாள்.

முதல் தடவை அவள் வண்டி நின்றபோது சென்சார் உண்மையிலேயே கெட்டிருந்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் மனைவி ஞானசுந்தரி தவறிப்போன வருஷம் அது. ஜெனிட்டாவும் மாப்பிள்ளை ரோனியும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பும்போது, பங்காருப்பேட்டை தாண்டி வண்டி நின்றது. போய் இழுத்துவந்தேன். பார்ட் வர நாளாகும் என்றேன். ரோனி மறுநாள் காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டான். அவள் லேப்டாப்பில் வேலை செய்கிறவள், வண்டி சரியாகும்வரை ஊரிகத்தில் என் வீட்டிலேயே இருந்தாள். மீன் குழம்பு வைத்தாள். என் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு அவள்மேல் உயிர், சார்.

அதற்குப் பிறகு நான்தான் மாற்றினேன். அவர்கள் சர்ச்சில் இருக்கும்போது நல்லதைக் கழற்றி, பொட்டு வைத்ததை மாட்டிவிடுவேன். அடிக்கடி இல்லை. மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கும் வாரங்களில் மட்டும்.

"இன்னா மாமா, திரும்பவும் சென்சாரா?" என்று ரோனி சிரிப்பான்.

"செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினா இப்டித்தான் மாப்ள," என்பேன். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

அந்த ஞாயிறும் மாற்றியிருந்தேன். அப்போது அவள் ஏழு மாத கர்ப்பிணி. சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவளுக்கு வயிறு இழுத்துப் பிடித்து ரத்தம் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் அமலா ஓடிவந்து பார்த்தாள்.

"இங்க வெச்சுக்காதீங்க. ஒடனே பெங்களூருக்குக் கூட்டினு போங்க," என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "வண்டி நல்லாக்கீதாண்ணே? இல்லன்னா ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

ரோனியும் என்னைத்தான் பார்த்தான். அதற்குள் வண்டியின் பின் சீட்டில் படுக்கவைத்திருந்த ஜெனிட்டாவும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல சென்சார் என் சட்டைப் பையில் இருந்தது. மாற்ற அதிக நேரம் ஆகாது. ஆனால் ரோனி பானட் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் முன்னால் எப்படி மாற்றுவது? தெரிந்தால் பிறகு அவளை இந்த வீட்டுக்கு அனுப்புவானா?

"நல்லாத்தான் கீது. கெளம்புங்க," என்றேன்.

டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர் வைத்தேன். அக்கறை இல்லாதவன் அதைச் செய்யமாட்டான்.

நரசாபுரம் தாண்டி நின்றதாக போன் வந்தது. "முள்ளு ஏறவே இல்லப்பா. ஆனா நின்னுட்ச்சி," என்றாள். வேறு ஏதாவது வண்டியை நிறுத்துகிறேன் என்று ரோனி பின்னால் கத்துவது கேட்டது. "இரு ரோனி, அப்பா வந்துருவாரு," என்று அவனை அடக்கினாள். அப்படி ஒரு நம்பிக்கை என்மேல். "அங்கியே இரும்மா, வந்துடுறேன்," என்றேன். பைக்கில் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒரு வேன்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். பின் சீட் முழுவதும் ரத்தம்.

பெண் குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு நின்ற வண்டியை எடுக்கப் போனபோது, ரோடு ஓரத்து மெக்கானிக் ஒருவன் சென்சாரைக் கழற்றி ரோனியிடம் கொடுத்திருக்கிறான். சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் அவனுக்கு என் பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த ஜெனிட்டாவிடம் அதைக் காட்டினானாம். தன்னுடைய நெயில் பாலிஷ் அவளுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை.

மாட்டியது நான்தான். நிற்கும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி, சார். ஜெயிலுக்கு என்னைப் பார்க்க ஜெனி எப்படியும் வருவாள். வரும்போது வண்டியை நிழலில் நிறுத்தி, சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். போவதற்குள் ஒரு தடவை பார்த்து வைக்கிறேன்.