நம்ம தொகுதி வேட்பாளர்

மனைவி: அந்த டிவியைக் கொஞ்சம் அணைங்களேன். உங்க பேரை அறிவிச்சா போன் வராமலா போயிடும்?

அமைச்சர்: சத்தத்தைத்தான் குறைச்சுட்டேன்ல... வேட்பாளர் பட்டியல்ல நம்ம தொகுதி வந்துடுச்சா?

மனைவி: இன்னும் வரல. டீ ஆறுது.

அமைச்சர்: வாசல்ல ஆளுங்க...?

மனைவி: தெருமுனை வரைக்கும் கொடியோட நிக்கிறாங்க. நீங்க ஜன்னல் பக்கம் போகாதீங்க.

அமைச்சர்: முதல் எலெக்‌ஷன்ல டெபாசிட் போனப்பகூட இப்படி டிவி முன்னாடி தவம் கிடக்கல.

மனைவி: அப்போ பஸ் டிப்போ வேலை இருந்துச்சு. தோத்த மறுநாளே ஸ்பானரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டீங்க.

அமைச்சர்: மெக்கானிக்கெல்லாம் மந்திரியான்னு சிரிச்சாங்க...

மனைவி: வீட்டுக்கு வீடு தண்ணி வந்ததும் சிரிப்பு அடங்கிடுச்சு.

அமைச்சர்: அடேங்கப்பா! இதை நீ மேடையில பேசணும். என்னைவிட நல்லா பேசுற.

மனைவி: ஆளை விடுங்க சாமி... ஏங்க, ஒண்ணு சொன்னா...

அமைச்சர்: இரு இரு. போனா?

மனைவி: பக்கத்து வீட்டுல. நீங்க முதல்ல உட்காருங்க... சீட்டு உங்களுக்கு வராதுங்க.

அமைச்சர்: யார் சொன்னா?

மனைவி: நான்தான் தலைவரைப் பார்த்துச் சொன்னேன். இந்தத் தடவை இவருக்கு வேணாம்னு.

அமைச்சர்: நீயா?

மனைவி: திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா போன மாசம் சட்டசபையில... பதில் சொல்ல எழுந்திரிச்சீங்க. எந்தத் துறைக்கு மந்திரின்னே தெரியாம நின்னீங்க. பக்கத்து சீட்டுக்காரர்தான் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சமாளிச்சார். கேலரியில நான் உட்கார்ந்திருந்தேங்க.

அமைச்சர்: அதை நீயும் பார்த்தியா?

மனைவி: கைதட்டின ஜனமே உங்களைப் பார்த்துச் சிரிச்சா... அதை என்னால தாங்க முடியாது.

அமைச்சர்: தலைவர் என்ன சொன்னார்?

மனைவி: பார்க்கலாம்மான்னார். அவ்வளவுதான்.

அமைச்சர்: நானும் போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

மனைவி: சீட்டு கேட்கவா?

அமைச்சர்: எனக்கு வேணாம், உன்னை வேட்பாளரா நிறுத்துங்கன்னு சொல்ல. வீட்டுக்குள்ள போனது தெரியுது, அவர் எதிர்ல உட்கார்ந்தது தெரியுது... சொன்னேனா, சொல்லாமலே எழுந்து வந்துட்டேனான்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது.