மச்சானோட ராசியான பாடு

"...சாகப்போறோம்னு நெனச்சுத்தேண்ணே அவெனோட ராசியானேன். இல்லாட்டி ஆவேனா?"

கருத்தக்கண்ணன் பேச ஆரம்பித்து வெகுநேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்த தவசி ஒற்றையாக வந்தவர். வயிற்றுக்குள் மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவர் கண் வாசல் பக்கமே போய்ப்போய் வந்தது.

"யாரச் சொல்றேன்... மச்சான் முத்திருளனத்தேன். எம் பொண்டாட்டி கூடப்பெறந்தவென். எம் மக காதுகுத்துல, தாய்மாமன்காரென், கறி வேகலன்னு எலையில பாதியில எந்திரிச்சுப் போனான். அன்னைக்கு விட்ட பேச்சு. அப்பறம் எனக்கு வயித்துவலி, சோறு எறங்கல. இங்க வாய்வழியாக் குழாய விட்டுச் சதையக் கிள்ளிப் பாத்துட்டு, முத்திப்போன புத்துநோயின்னாக. சரி, போறப்ப எதுக்குப் பகைன்னு ஆள்விட்டுக் கூப்பிட்டேன். வந்தான், கட்டிப்புடிச்சு அழுதான். நானும் அழுதேன். அம்புட்டோட முடிஞ்சிருக்கணும்ல?

எங்க முடிஞ்சுது... டாக்டரு, 'சந்தேகமா இருக்கு, மறுக்கா இன்னுங் கொஞ்சம் ஆழத்துல எடுக்கணும்'னாரு. மாட்டேன், வெளாங்குடியிலயே கெடந்து சாகுறேன்னேன். இந்தப் பய விட்டானா? சைக்கிள்ல ஒக்கார வச்சுத் தள்ளிக்கிட்டே வந்துட்டான். அந்தச் சதைய மெட்ராசுக்கு அனுப்பிப் பாத்தாக. இதுவும் புத்துதேன், ஆனா வேற ரகமாம். லிம்போமாவாம். அக்குள்ல, கழுத்துல நெறி கட்டும்ல, அந்த எனம். அபூர்வமா எரப்பையில வந்திருக்காம். மேலாகக் கிள்ளுனா சரியாத் தெரியாதாம். ஊசி போட்டாக் கரையுமாம். பாதி கரஞ்சும் போச்சு.

இப்பப் பாருங்க, நான் சாகல, அவெனும் போகல. தெனம் எங்க வீட்லதேன் சாப்பாடு. கொழம்புல உப்பக் கொற சொல்றான். டாக்டரக் கேள்வி கேக்க ஆரம்பிச்சா நிறுத்துறதில்ல, அவரு இவனப் பாத்தாலே வேற பக்கமாப் போறாரு. யாரக் குத்தஞ் சொல்ல... நானாத்தேன கூப்பிட்டேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் தவசியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தவசி எழுந்தார். கால் என்னவோ வாசலைப் பார்த்துத் திரும்பியது.

அப்போதுதான் டீ வாங்கிவந்த முத்திருளன் கையிலிருந்து தம்ளரைக் கருத்தக்கண்ணன் வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, அண்ணே ஒத்தையா வந்திருக்காரு. கூட உள்ள போ. கேக்க வேண்டியதெல்லாம் நீ கேளு."

முத்திருளன் தவசியின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனான். கதவு சாத்துவதற்குள், "டாக்டரய்யா, ஒரு சின்ன சந்தேகம்" என்று அவன் குரல் கிளம்பிவிட்டது.

கருத்தக்கண்ணன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"சீனி பத்தல" என்றார், பெஞ்சில் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து.