பச்சைக் கதவு

முந்திரிக் கொட்டையிலிருந்து பருப்பை முழுதாக எடுப்பது அவ்வளவு எளிதல்ல, சார். முதலில் கொட்டையை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, ஓட்டைப் பிளக்க வேண்டும். ஓட்டு எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். அதனால் பெண்கள் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பிறகு போர்மா என்று நாங்கள் சொல்லும் சூட்டறையில் உலர்த்தினால்தான் தொலி உரிக்க வரும். தீப்பிடித்தது அந்தப் போர்மாவில்தான். அது முன்வாசலை ஒட்டி இருக்கிறது.

எங்கள் கூடத்துக்கு ஒரே வாசல். அதற்குக் காரணம் உண்டு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணும் வாசலில் நின்று சேலை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு வாசல் என்றால் இரண்டு இடத்தில் ஆள் நிறுத்த வேண்டும். முதலாளி அதற்குச் சம்மதிக்கமாட்டார்.

வெளிநாட்டில் வாங்குகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. கையுறை உண்டா, குடிநீர் உண்டா, யாரையாவது கட்டாயப்படுத்துகிறீர்களா என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். எழுதி எழுதிச் சலித்துவிட்டது. போன வருடம் ஒரு கம்பெனி விலையைக் குறைத்துக் கேட்ட அதே மின்னஞ்சலின் அடியில், அவசர வாசலும் வேண்டும் என்றிருந்தார்கள். நேரில் யாரும் வரவில்லை. படம் அனுப்பினால் போதும் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சுவரில் நிலை பொருத்தி இரும்புக் கதவு மாட்டினேன். பச்சை வண்ணம், அழுத்தினால் திறக்கும் கம்பி, மேலே ஒளிரும் பலகை எல்லாம் முறையாக இருந்தன. சுவரை மட்டும் இடிக்கவில்லை. அந்தப் பக்கம் இன்னொருவரின் ரப்பர் மரங்கள் நிற்கும் விளை. அவர் வழி விடமாட்டார். படத்தில் செங்கல் தெரியாது.

அடுத்து, தீ விபத்துப் பயிற்சியின் படமும் கேட்டார்கள். மாதம் ஒருமுறை நான் மணியடிப்பேன். பெண்கள் எழுந்து பச்சைக் கதவின் முன் வரிசையாக நிற்பார்கள். எனக்கு எதையும் காரணத்தோடு சொல்லிக்கொடுக்கத்தான் பிடிக்கும். புகை மேலே ஏறும், அதனால் குனிந்து வர வேண்டும். தள்ளினால் விழுவார்கள், அதனால் தள்ளக்கூடாது.

தொலி உரிக்கும் செசிலிக்கு வாய்த்துடுக்கு அதிகம். "சாரே, இந்தக் கதவு தொறக்குமா? இல்ல, நம்மள மாதிரி போட்டோவுக்குச் சிரிச்சிட்டு நிக்குமா?" என்று கேட்டாள்.

"தீப்பிடிச்சா தொறக்கும் மக்கா."

"அப்பம் ஒருக்கா கொளுத்திப் பாப்போம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜெனிலா மட்டும் பயிற்சிக்கு எழுந்திருக்கமாட்டாள். உரித்த எடைக்குத்தான் கூலி. "நிக்கிற நேரத்துக்கு ஆரு கூலி தருவா?" என்பாள். பலமுறை கண்டித்திருக்கிறேன்.

அன்று போர்மாவிலிருந்து புகை வந்தபோது நான் வாசலுக்கு வெளியே அலுவலக அறையில் இருந்தேன். மணியை அடித்தது நான்தான். கை பழகிவிட்டது. அப்போது முன்வாசல் இன்னும் புகையில் முழுதாக மறைந்திருக்கவில்லை. ஜெனிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு புகைக்கு நடுவே ஓடிவந்துவிட்டாள். மற்றவர்கள் மணி கேட்டதும் எழுந்து, குனிந்து, பின்பக்கம் போனார்கள். அவர்கள் அங்கே போவது எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கு யாருக்கும் எதையும் விளக்க எனக்குத் தெம்பில்லை.

கம்பியை அழுத்தும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் மறுக்கவில்லை, சார். கதவை வைத்தது நான். அங்கே அனுப்பியதும் நான். ஆனால் பயிற்சியில் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அவர்களின் உடல்களை எடுத்த இடத்தைப் பாருங்கள். ஒருவர்கூட வேறு பக்கம் சிதறவில்லை. ஜெனிலா ஒருத்திதான் சொன்னபடி கேட்கவில்லை.