காய்ந்த சேற்றில் ஒரு தடம்

மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்புக்கு வந்துவிட்டதாம். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும், “இன்னும் நாலு நாள் கழிச்சு வந்தா என்னவாம்?” என்றார்.

“என்ன அத்தான், ஊரே தண்ணிக்குத் தவிக்குது!” என்றார் பக்கத்திலிருந்த மச்சினர்.

“நாகப்பட்டினத்துல தினமும் உங்கக்காவோட கடற்கரையில நடப்பேன். போன தடத்தைத் திரும்பி வர்றதுக்குள்ள அலை அழிச்சிடும். ‘எதுவும் நிக்காது, பழகிக்குங்க’ன்னு சிரிப்பா. இங்க காவேரியில, அவ கண்ணை மூடறதுக்கு முதல் நாள் நடந்த தடம் சேத்துல காஞ்சு அப்படியே இருக்கு. தினமும் போய்ப் பாத்துட்டு வரேன்.”

மச்சினர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தண்ணி இங்க எப்ப வரும்?”

“சாயங்காலத்துக்குள்ள வந்துடும் அத்தான்.”

“அப்ப பாலத்துக்கிட்ட இறங்கிடலாம். நீயும் ஒரு தடவை பாத்துடு.”