கை படாத அழைப்பு

ஜெய்னம்பு: இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அதுக்குக் காது மந்தம் போல.

அசன் முகைதீன்: இதுக்கு மேல இன்னா சத்தம்? முன்னாடி போற லாரிக்காரன் திரும்பிப் பாக்குறான். ...அருணாச்சலம்! அ...ரு...ணா...ச்சலம்!

டப்பா: சாரி. நேம் நாட் ஃபவுண்ட்.

ஜெய்னம்பு: இன்னாவாம்?

அசன் முகைதீன்: அப்புடி ஒரு ஆளே இல்லியாம்.

ஜெய்னம்பு: அய்ய... வாரத்துல பாதி நாளு நம்ம ஊட்டுல நாஷ்டா துன்றவராச்சே. இந்த டப்பாவுக்கு அது தெரியாதா?

அசன் முகைதீன்: டப்பான்னாத. ஒம்புள்ள துபாய்லேர்ந்து வாங்கி அனுப்புனது. ப்ளூடூத்.

ஜெய்னம்பு: எம்புள்ள தானாவா அனுப்புனான்? நீங்க தானே ராவும் பகலும் நச்சரிச்சீங்க. "சர்ஃபராசு, அத அனுப்பு, அத அனுப்பு"ன்னு. பத்து ஊட்டுத் தெருவுல எறா யாவாரம் பண்றவருக்கு இது இன்னாத்துக்குன்னு அவனே கேட்டான்.

அசன் முகைதீன்: வண்டி ஓட்டிக்கினு போன் பேசுனா போலீசு புடிக்கிறான். அதுக்கு. நாலு பேரு பாக்க ரோட்டோரமா நிக்க வெச்சு கேள்வி கேட்டா, நம்ம குடும்பத்துக்கு அது அழகா?

ஜெய்னம்பு: அது சரி. இப்ப போன்ல இருக்கற பேர நான் அமுக்கட்டுமா?

அசன் முகைதீன்: எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல இருக்குது. நீ ஐஸ் கம்பெனிக்காரன அமுக்கி வெப்ப.

ஜெய்னம்பு: அப்ப அந்த டப்பாவையே கேளுங்க... சீக்கிரம். சம்மந்தி காட்டுப்பள்ளிலேர்ந்து கெளம்பிட்டேன்னாரு. இந்நேரம் வள்ளூர் கிட்ட வந்திருப்பாரு.

அசன் முகைதீன்: அவருக்கு இன்னாத்துக்கு இந்த வேல? ஞாயித்துக்கெழம நிக்காஹ். அன்னிக்குப் பாத்துக்கலாமில்ல? "பொண்ணோட சாச்சா, அதான் உங்க தம்பிக்கு ஒரு சலாம் சொல்லிட்டுப் போறேன்"றாரு.

ஜெய்னம்பு: நீங்க பேசுன பேச்சுதான். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இன்னா சொன்னீங்க? "எந்தம்பிகூட தெனம் ஒரு வாட்டி போன்ல பேசலன்னா எனக்கு சோறு எறங்காது"ன்னீங்க. பேசாமலே நாலு வருசமா நல்லாத்தான் எறங்குது.

அசன் முகைதீன்: அவரு கேட்டாரு. "உங்க தம்பி எங்க காணம்"னு சபையில கேட்டாரு. இன்னா சொல்றது? பேச்சுவார்த்த இல்லன்னு சொன்னா, "அண்ணந்தம்பியே ஒண்ணா இல்லாத ஊடு"ன்னு நம்ம அஃப்ஸானாவத்தான கொறைவா பேசுவாங்க?

ஜெய்னம்பு: இப்ப நேரா போய் உக்காந்து, "உங்க அண்ணன் தெனம் போன் பண்றாராமே"ன்னு கேக்கப் போறாரு. தம்பி இன்னா சொல்லுவாரு?

அசன் முகைதீன்: தம்பின்னாத. வள்ளூர்க்காரன்னு சொல்லு.

ஜெய்னம்பு: சரி... வள்ளூர்க்காரரு இன்னா சொல்லுவாரு?

அசன் முகைதீன்: அதுக்குத்தான் அருணாச்சலம். அவன் ஊடு அதே தெரு. அவன் ஓடிப்போயி, "வாய மூடிக்கினு இரு, வர்றவர்கிட்ட மரியாதையா பேசு"ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. கொஞ்சம் கம்னு இரு... அருணாச்சலம்!

டப்பா: சாரி. நேம் நாட்...

அசன் முகைதீன்: நாட்டாவது பூட்டாவது!

ஜெய்னம்பு: ஜன்னல ஏத்துங்க. லாரி சத்தத்துல அதுக்குக் கேக்கலியோ இன்னாவோ.

அசன் முகைதீன்: ஏத்திட்டேன். அருணாச்சலம்!

டப்பா: சாரி...

ஜெய்னம்பு: ஏசிய நிறுத்துங்க. அதுவும் புஸ்சுபுஸ்சுன்னுது.

அசன் முகைதீன்: இந்த வெயில்லயா?

ஜெய்னம்பு: மானம் பெரிசா, வேர்வ பெரிசா?

அசன் முகைதீன்: ...நிறுத்திட்டேன். அருணாச்சலம்!

டப்பா: சாரி. நேம் நாட் ஃபவுண்ட்.

ஜெய்னம்பு: சர்ஃபராசு உங்களுக்கு இன்னாதான் சொல்லிக் குடுத்தான்?

அசன் முகைதீன்: மொதல்ல நம்ம குரல்ல பேரச் சொல்லி அதுல வெச்சிடணும். அப்பால பட்டன அமுக்கிட்டு எப்ப அந்தப் பேரச் சொன்னாலும், நாம அன்னிக்கு சொன்னத நம்ம குரல்லயே ஒரு தடவ திருப்பிச் சொல்லும். சொல்லிட்டு நம்பர் போடும். சொல்லச் சொல்லப் பழகிக்கும்னான்.

ஜெய்னம்பு: அப்ப அன்னிக்கு எப்புடிச் சொல்லி வெச்சீங்களோ, அப்புடியே சொல்லணும்.

அசன் முகைதீன்: அப்புடியேதான் சொல்றேன்.

ஜெய்னம்பு: இல்ல. இப்ப கோவத்துல சொல்றீங்க. அன்னிக்கு எப்புடி சொன்னீங்க?

அசன் முகைதீன்: அன்னிக்கு... அவன் பக்கத்துல உக்காந்திருந்தான். கன்னாபின்னான்னு ஜோக் அடிச்சிக்கினு இருந்தான். நான் கொஞ்சம்...

ஜெய்னம்பு: கொஞ்சம்?

அசன் முகைதீன்: சிரிச்சிக்கினே சொல்லிட்டேன்.

ஜெய்னம்பு: அவ்ளோதான. இப்பவும் சிரிச்சிக்கினே சொல்லுங்க.

அசன் முகைதீன்: மானம் கப்பலேறப் போவுது, சிரிக்கச் சொல்றியா?

ஜெய்னம்பு: வேற வழி? சிரிங்க.

அசன் முகைதீன்: ஹ... அருணாச்சலம்.

டப்பா: சாரி...

ஜெய்னம்பு: இது சிரிப்பா? மௌத் ஊட்டுல துக்கம் கேக்க வந்தா மாதிரி இருக்குது. நம்ம கல்யாணத்தன்னிக்கி உங்க செருப்பக் காணம்னு, எங்க மாமா ரப்பர் செருப்ப மாட்டிக்கினு ஊர்கோலம் வந்தீங்களே, அத நெனச்சிக்குங்க. ஒண்ணு நீலம், ஒண்ணு...

அசன் முகைதீன்: ஹெ... ஏய்... ஹெஹ்ஹே... யோவ் அருணாச்சலம்!

டப்பா: "யோவ் அருணாச்சலம்... ஹெஹ்ஹெஹ்ஹே."

ஜெய்னம்பு: யா அல்லா! இது உங்க குரலா? நீங்க இப்புடிச் சிரிப்பீங்களா?

அசன் முகைதீன்: கம்னு இரு. ரிங் போவுது.

ஜெய்னம்பு: இத்தினி வருசத்துல என்கிட்ட ஒரு நாள் இப்புடிச் சிரிச்சதில்ல...

அசன் முகைதீன்: எடுக்க மாட்டேன்றான். சோத்தத் துன்னுட்டுப் படுத்திருப்பான். படுபாவி... எடுடா!

ஜெய்னம்பு: கட்டாயிடுச்சு.

அசன் முகைதீன்: ...வண்டியத் திருப்பவும் முடியாது. முன்னாடி லாரி, பின்னாடி லாரி. செக்போஸ்ட் தாண்டுற வரைக்கும் நகர மாட்டானுங்க.

ஜெய்னம்பு: ஏங்க... நேரா வள்ளூர்க்காரருக்கே ஒரு போன் போட்டுட்டா இன்னா?

அசன் முகைதீன்: ஜெய்னம்பு!

ஜெய்னம்பு: ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்...

அசன் முகைதீன்: நான் சொன்ன சொல்லு மறந்து போச்சா உனக்கு?

ஜெய்னம்பு: எப்புடி மறக்கும்? பள்ளிவாசல் வெளிய ஜமாத்தே நிக்குது. கையத் தூக்கிக் காட்டிக்கினு சொன்னீங்க. "இந்தக் காலு அவன் வாசப்படிய மிதிக்காது. இந்தக் கை அவனுக்குப் போன் போடாது."

அசன் முகைதீன்: சொன்னேன். இன்னிக்கும் அதான். அசன் முகைதீன் சொல்லு மாறிட்டான்னு ஒருத்தன் பேசக் கூடாது.

ஜெய்னம்பு: அவரு பண்ண தப்பு இன்னா? காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தாரு, மவன் கல்யாணத்துக்குப் போன்ல கூப்புட்டாரு.

அசன் முகைதீன்: கூடப் பொறந்த அண்ணனப் போன்ல கூப்புடுவானா? படுத்திருந்தா பொண்டாட்டிய அனுப்பறது. ஊட்டு மனுசி வந்து பத்திரிகையக் கையில குடுக்கணும், ஆம்பள வாயத் தொறந்து வாங்கன்னு சொல்லணும். அதுக்குப் பேருதான் அழைப்பு. இப்ப நாம போகல? எளாவூர்ல இருக்கற உங்க மாமா ஊட்டுக்கு, இத்தினி லாரிக்கு நடுவுல, வேர்த்து விறுவிறுத்துக்கினு நேர்ல போகல?

ஜெய்னம்பு: போறோம் போறோம். ...ஐயோ, டப்பா அடிக்குது!

டப்பா: இன்கமிங் கால்.

அசன் முகைதீன்: அலோ... சம்மந்தி... அஸ்ஸலாமு அலைக்கும்.

சம்மந்தி: வஅலைக்கும் ஸலாம். வள்ளூர் வந்துட்டேன் பாய். பவர் பிளான்ட் கேட்டுகிட்ட நிக்கிறேன். உங்க தம்பி ஊட்டுக்கு எப்புடிப் போவணும்?

அசன் முகைதீன்: அது வந்து... சம்மந்தி, அவன் ஊட்டுல இருக்க மாட்டானே... கேண்டீன் காண்ட்ராக்ட் வேலையா...

சம்மந்தி: இல்ல இல்ல, இருக்காராம். இங்க டீக்கடையில விசாரிச்சேன். நீங்க இன்னிக்கு அவர்கிட்ட பேசலியா?

அசன் முகைதீன்: பேசுனேன்... பேசுவேன்...

ஜெய்னம்பு: கேட்டுக்கு எதிர் தெருவுல கடைசி ஊடு சம்மந்தி! பச்ச கேட்டு!

சம்மந்தி: சரிம்மா. பாத்துட்டுப் பேசுறேன் பாய்.

அசன் முகைதீன்: ஏன் சொன்ன? வழிய யாரு கேட்டா உன்ன?

ஜெய்னம்பு: டீக்கடைக்காரன் சொல்ல மாட்டானா? வழி மட்டுமா சொல்லுவான், உங்க சண்டையையும் சேத்துச் சொல்லுவான்.

அசன் முகைதீன்: லாரியும் நகர மாட்டேன்றான்.

ஜெய்னம்பு: சம்மந்தி பேசிப் பத்து நிமிசம் ஆச்சு. இப்ப இன்னா பண்றது?

அசன் முகைதீன்: ...ஜெய்னம்பு.

ஜெய்னம்பு: ம்.

அசன் முகைதீன்: அந்தப் பட்டன நீ அமுக்கு.

ஜெய்னம்பு: நானா? இவ்ளோ நேரம் நீங்கதான அமுக்குனீங்க?

அசன் முகைதீன்: சொன்னதச் செய். அமுக்கிட்டுக் காத மூடிக்க.

ஜெய்னம்பு: காத எதுக்கு...

அசன் முகைதீன்: மூடு!

ஜெய்னம்பு: மூடிட்டேன், மூடிட்டேன்.

அசன் முகைதீன்: ...தம்பி.

டப்பா: "தம்பீ... ராசா..."

ஜெய்னம்பு: அய்யய்யோ!

அசன் முகைதீன்: காத மூடச் சொன்னேனில்ல?

ஜெய்னம்பு: ஒரே வாட்டியில புடிச்சிக்கிச்சே! அருணாச்சலத்துக்குத் தொண்ட கிழியக் கத்துனீங்க. சொல்லச் சொல்லப் பழகிக்கும்னீங்களே... அப்ப இத எத்தினி வாட்டி சொல்லியிருக்கீங்க?

அசன் முகைதீன்: அது மெஷினு. எப்பயாவது நல்லா வேல செய்யும்.

ஜெய்னம்பு: தனியா வண்டியில வரும்போது பட்டன யாரு அமுக்குவா?

அசன் முகைதீன்: ரோட்டப் பாத்து ஓட்ட உடு.

ஜெய்னம்பு: சொல்லுங்க. "இந்தக் கை போடாது"ன்னு சத்தியம் பண்ணீங்களே, அப்ப யாரு அமுக்குவா?

அசன் முகைதீன்: ...முழங்கை.

ஜெய்னம்பு: இன்னாது?

அசன் முகைதீன்: முழங்கையால அமுக்குவேன். போதுமா? ரிங் போவுது, கம்னு இரு.

மொஹசின்: அலோ... காக்கா?

அசன் முகைதீன்: ...

மொஹசின்: காக்கா, கட் பண்ணிடாதீங்க. இன்னிக்காவது உங்க தம்பிகிட்ட பேசுங்க. ரெண்டு மாசமாக் கூப்புடுறீங்க, லாரி ஹாரன் சத்தம் கேக்குது, ஏசி சத்தம் கேக்குது, நீங்க மூச்சு உடுறது கூடக் கேக்குது. பேச மட்டும் மாட்டேன்றீங்க.

ஜெய்னம்பு: ரெண்டு மாசமாவா?

மொஹசின்: யாரு, மச்சியா? நீங்களும் வண்டியில இருக்கீங்களா?

அசன் முகைதீன்: டேய்... அங்க சம்மந்தி வருவாரு.

மொஹசின்: வந்துட்டாரு காக்கா. கூடத்துல உக்காந்து நாஷ்டா சாப்புட்டுக்கினு இருக்காரு. நான் கொல்லப்பக்கம் நிக்கிறேன்.

அசன் முகைதீன்: இன்னா கேட்டாரு?

மொஹசின்: "உங்க அண்ணன் தெனம் போன் பண்ணுவாராமே"ன்னாரு. ஆமான்னேன். பொய்யில்லியே? தெனம்தான் பண்றீங்க.

அசன் முகைதீன்: ...ம். காய்ச்ச கீய்ச்ச ஒண்ணும் இல்லியே இப்ப?

மொஹசின்: அது நாலு வருசத்துக்கு முந்தி காக்கா.

அசன் முகைதீன்: தெரியும். சும்மா கேட்டேன். ஞாயித்துக்கெழம நிக்காஹ். பொண்ணு சம்மதத்தக் கேட்டு சபையில சொல்ற வக்கீலா நீதான் நிக்கணும். குடும்பத்தோட வந்துடு... வாங்க எல்லாரும்.

மொஹசின்: வரேன் காக்கா. உங்க வாயால ஒரு வார்த்த வரணும்னுதான் உக்காந்திருந்தேன். ...ஆனா ஒண்ணு. நீங்களும் போன்லதான கூப்புடுறீங்க?

அசன் முகைதீன்: எவன்டா போன் போட்டான்? என் ரெண்டு கையும் ஸ்டேரிங்ல இருக்குது. வண்டி போட்டுச்சு. சந்தேகமா இருந்தா உங்க மச்சியக் கேளு.

ஜெய்னம்பு: ஆமா தம்பி. ஜமாத்துல கேட்டாலும் நான் சாட்சி சொல்லுவேன். ரெண்டு கையும் ஸ்டேரிங்லதான் இருக்குது. முழங்கை கூட வைக்கல.

மொஹசின்: சரி மச்சி. நேத்து நீங்க சொன்னா மாதிரியே நடந்துபோச்சு பாத்தீங்களா?

ஜெய்னம்பு: தம்பி, உள்ள போங்க, சம்மந்தி தனியா இருப்பாரு...

அசன் முகைதீன்: நேத்தா? நேத்து இன்னா?

மொஹசின்: பத்திரிக குடுக்க வந்தாங்களே காக்கா, அப்ப சொன்ன... ஐயோ. நான் வெச்சிடுறேன்.

அசன் முகைதீன்: நேத்து சாராள் டீச்சர் ஊட்டுக்குப் பத்திரிக வெக்கப் போறேன்னுதான பஸ் ஏறுன?

ஜெய்னம்பு: டீச்சர் ஊடும் வள்ளூர்லதாங்க இருக்குது. பொண்டாட்டிய அனுப்பணும், கையில குடுக்கணும்னு நீங்கதான சொல்லிக்கினே இருப்பீங்க.

அசன் முகைதீன்: அப்ப... சம்மந்திக்கும் போன் பண்ணி, இன்னிக்கு அங்க போவச் சொன்னது யாரு?

ஜெய்னம்பு: நான் இன்னாத்தக் கண்டேன்? உங்க வண்டி போட்டிருக்கும்.