தட்டினால் விடுகிற கை

மின்விசிறி சுற்றாவிட்டாலும் முகம் சுளிக்காமல் தலைமை ஏற்றிருக்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே, பிள்ளையை மடியிலும் பொறுப்பைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, என் பேச்சைவிடத் தேநீர்ப் பாத்திரத்தை ஆவலோடு நோக்கும் தோழர்களே, வணக்கம்.

பள்ளி வேனில் ஒரு பெரிய பையன் என் அக்கா மகளின் கையை முறுக்கினான். ஓட்டுநரிடம் சொன்னாள். "விளையாட்டும்மா" என்றார். பள்ளியில் சொன்னோம். "அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க" என்றார்கள். முறுக்கியவனுக்கு ஒரு சொல் இல்லை, வலித்தவளுக்கு அறிவுரை. இதுவா நியாயம்? இதுவா நாகரிகம்? பிள்ளை வேன் ஏற மறுத்துவிட்டாள்.

சரி, தற்காப்புக் கலையாவது கற்கட்டும் என்று முடிவு செய்தோம். பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர் என் மச்சான், அவள் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். ஏற்றி இறக்கிச் சோதிக்காமல் எந்த லிஃப்ட்டிலும் ஆளை ஏற்றமாட்டார். பெற்ற மகளுக்குப் பள்ளி தேடும்போதோ, வாசலில் கோப்பைகள் பளபளத்தன, போதும் என்றார்.

உள்ளே குளிர்சாதனம். கதவைவிடப் பெரியதாக மாஸ்டரின் படம். "தைரியமான அப்பா ஒருத்தர் வாங்க" என்றார் மாஸ்டர். மச்சான் போனார். மாஸ்டர் அவர் கையை முறுக்கிப் பிடித்தார். அந்தக் கலையில் ஒரு வழக்கம் உண்டு: வலித்தால் விரிப்பில் தட்ட வேண்டும், தட்டினால் உடனே விட வேண்டும். மச்சான் தட்டினார். மாஸ்டர் விடவில்லை.

"சார், தட்டுறேன் சார்."

"கவனிங்க பெற்றோர்களே, எதிரி இப்ப கெஞ்சுவான்."

"நான் எதிரி இல்ல சார், லிஃப்ட் மெக்கானிக்."

கூட்டம் கைதட்டியது. நீங்களும் சிரிக்கிறீர்கள். மூன்றாம் வரிசையில் மச்சானும் சிரிக்கிறார், இன்னும் வலிக்கிற தோளைக் குலுக்காமல்.

அன்று அங்கே அக்கா மகள் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, வேன்ல அவனும் இப்படித்தான்" என்றாள்.

வெளியே வந்துவிட்டோம்.

அடுத்துப் போனது, ஒரு பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு. கற்றுத்தருபவர் ஒரு பெண். கதவைச் சாத்தவில்லை, உட்கார்ந்து பாருங்கள் என்றார். வளர்ந்த பெண் ஒருத்தியின் பிடியில் ஒரு சிறுமி, சத்தமே வராமல் விரலால் தட்டினாள். பிடி விட்டது.

"வலிச்சுதா?" என்றார் ஆசிரியை.

"இல்லக்கா, பயமா இருந்துச்சு."

"பயந்தாலும் தட்டலாம்டா."

அக்கா மகள் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறினாள். நாங்கள் சொல்லவே இல்லை.

கோப்பையைப் பார்க்காதீர்கள், பெற்றோர்களே. குளிர்சாதனத்தைப் பார்க்காதீர்கள். தட்டுகிற பிள்ளையைப் பாருங்கள், விடுகிற கையைப் பாருங்கள்.

என்ன அண்ணே? வேன் விஷயம் என்னாச்சு என்கிறீர்களா? அந்த ஆசிரியையும் அதையேதான் கேட்டார்: "இவளுக்கு நான் சொல்லித்தரேன். அந்த டிரைவருக்கு யாரு சொல்லித்தரப் போறீங்க?"

அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். பிள்ளை தனியாகச் சண்டை போட்டு ஜெயிக்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க நாம் எதற்கு? நாளைக் காலை வேன் முன்னால் நிற்கப் போகிறேன். அந்தப் பையனை ஓட்டுநர் தன் பக்கத்து இருக்கையில் உட்காரவைக்கும்வரை வேன் நகராது. மச்சான் வருகிறார். நம் தலைவர் கடையைத் தாமதமாகத் திறப்பாராம், இப்போதுதான் தலையசைத்தார். நீங்களும் வந்தால் பிள்ளை வேன் ஏறுவாள்.

காது கொடுத்தவர்களுக்கு நன்றி, கால் கொடுக்கப் போகிறவர்களுக்கு வணக்கம்.